சாம்பியன் ரீஃபிலிருந்து ஹான்லே வரை

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறை வாசலில் வண்டி நிற்கிறது. பழைய பொலேரோ பிக்கப். கே.ஏ. 08 பதிவு, அதாவது கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயல் ஆர்.டி.ஓ.வின் எண். சரக்கு ஏற்றும் இடத்தில் இப்போது ஓர் அறை இருக்கிறது. சதுர இரும்புக் குழாயில் சட்டம், வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட், இரண்டுக்கும் நடுவே தெர்மகோல். டிரைவர் தலைக்கு மேல் நீண்டிருக்கும் பகுதியில் இரண்டு பேர் படுக்கலாம். பின்கதவைத் திறந்தால் இடப்பக்கம் மண்ணெண்ணெய் ஸ்டவ், அதற்கடியில் தண்ணீர் கேன்கள். வலப்பக்கம் அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள் டப்பாக்கள் உருளாமல் ரப்பர் பட்டி கட்டிய அலமாரி.

செய்தவர் என் மச்சான். பி.இ.எம்.எல். தொழிற்சாலையில், எங்கள் ஊர்ப் பேச்சில் பெமலில், வெல்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறையை வண்டியோடு சேர்த்து வெல்டிங் வைக்கவில்லை. நான்கு மூலையிலும் டர்ன்பக்கிள் போட்டு இறுக்கியிருக்கிறார், வேண்டும்போது கழற்றி இறக்கிவிடலாம். வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விடாது. வீடாகவே கட்டிப் பதிவு செய்யும் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தனி விதிமுறை உண்டு. இந்த மாதிரி யோசனை உள்ளவர்கள் தகடு வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேசித் தெளிந்துகொள்வது நல்லது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இப்படிப் பிக்கப்பில் அறை ஏற்றிப் போவது பழைய பழக்கம். அலாஸ்காவில் எண்ணெய்க் குழாய்க்காக 1974-ல் போட்ட டால்டன் நெடுஞ்சாலையிலும், கனடாவின் டாசன் ஊர்ப் பக்கத்திலிருந்து ஆர்க்டிக்கை நோக்கி ஏறும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையிலும் முதுகில் அறை சுமந்த பிக்கப்புகள் கோடை முழுக்க ஓடுகின்றன. 1896-ல் க்ளாண்டைக்கில் தங்கம் அகப்பட்டதால் முளைத்த ஊர்தான் டாசன். அங்கேயும் வடக்கு வனாந்தரத்துக்கான வழி ஒரு தங்க ஊரில்தான் தொடங்குகிறது. நம் நாட்டில் அப்படியான வடக்கு என்றால் லடாக். நாங்கள் போக நினைத்த இடம் அதிலும் ஒரு மூலை, ஹான்லே.

புறப்படும் முன் சாம்பியன் ரீஃப் வரை நடந்தேன். பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய அரைமண் சயனைடு மலைகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. மழை இறங்கிய இடமெல்லாம் அதில் வாய்க்கால் விழுந்திருக்கிறது, காற்று கிளம்பினால் அந்தப் பொடி இன்றைக்கும் வீட்டுக்குள் வருகிறது. ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் வந்தது முதல் 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டதுவரை இந்த மண்ணுக்கடியிலிருந்து சுமார் 800 டன் தங்கம் போயிருக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். மேலிருந்து குளிரூட்டிய காற்றை அனுப்பித்தான் அங்கே ஆள் நிற்க முடிந்தது.

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி அழைத்துவந்த என் தாத்தா, மூங்கில் தட்டி அடைத்த லைன் வீட்டில் குடியேறினார். வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். பெரும்பாலோர் தலித்துகள், நிலமில்லாதவர்கள். 1930-ல் கைரேகை வைத்து ஆளைப் பதிவு செய்கிறோம் என்று நிர்வாகம் கிளம்பியபோது சுரங்கமே வேலைநிறுத்தத்தில் நின்றதை நைனா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் பிறக்கும் முன் நடந்தது, ஆனால் தான் பார்த்ததைப் போலவே சொல்வார்.

ஹான்லேவுக்கு ஏன் போக வேண்டும் என்பதற்கான பதிலும் இதே சாம்பியன் ரீஃபில்தான் இருக்கிறது. விண்ணிலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்களை ஆராய டாடா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் இந்தச் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். மற்றத் துகள்களையெல்லாம் பாறை வடிகட்டிவிடும், ஆழம் போகப் போக நியூட்ரினோவின் தடம் மட்டும் மிஞ்சும் என்பது கணக்கு. 1965-ல் ஒசாகா நகர, டர்ஹாம் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து, ஹீத்கோட் ஷாஃப்ட்டில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தார்கள். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அது பதிவானது. உலகத்திலேயே அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அந்தக் கருவிகளை இறக்கி வைத்ததும், கேஜில் விஞ்ஞானிகளை ஏற்றி இறக்கியதும் எங்கள் ஊர் ஆட்கள். சுரங்கம் மூடிய அதே 2001-ல்தான் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. வானத்தைப் பார்க்க ஒரு காலத்தில் ஆழம் போனார்கள், பிறகு உயரம் போனார்கள். ஆழத்தை வீட்டுக்கதையாகக் கேட்டு வளர்ந்தவனுக்கு உயரத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

பங்காரப்பேட்டை, கோலார் தாண்டி ஹொசகோட்டையில் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே இந்திய வானியற்பியல் மையத்தின் வளாகம் இருக்கிறது. ஹான்லேயில் இருக்கும் இரண்டு மீட்டர் விட்டமுள்ள சந்திரா தொலைநோக்கியை விஞ்ஞானிகள் இங்கே உட்கார்ந்துகொண்டே, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள். அந்தச் சமிக்ஞை நொடியில் போய்விடுகிற தூரத்தைக் கடக்கத்தான் எங்களுக்கு முன்னால் நாடு நீளத்துக்குச் சாலை கிடக்கிறது.

தேவனஹள்ளியில் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் அனந்தப்பூர், கர்நூல், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி என்று நேர்வழிதான். வெயிலைத் தவிர சொல்ல அதிகமில்லை. பென்ச் காட்டுப் பகுதியில் விலங்குகள் அடியில் கடந்துபோகச் சாலையையே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், அது ஒன்று கண்ணில் நிற்கிறது. இரவில் லாரிகள் ஒதுங்கும் பெட்ரோல் பங்குகளில் நிறுத்திக்கொள்வோம். எங்கே போனாலும் ஒரு நாமக்கல் வண்டியாவது நிற்கும். அப்படி ஒரு வண்டியின் டிரைவர் எங்கள் அறையைச் சுற்றிவந்து, டயரைக் காலால் தட்டிப் பார்த்து, மச்சானிடம் சொன்னார்: "அண்ணே, மலையில எந்த கியர்ல ஏறுறீங்களோ அதே கியர்ல இறங்குங்க. பிரேக்க நம்பாதீங்க." அவர் தக்காளி ஏற்றிக்கொண்டு டெல்லிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

மணாலிக்கு மேலே அடல் சுரங்கப்பாதை. 2020 அக்டோபரில் திறந்தது, 9.02 கிலோமீட்டர். ரோதாங் கணவாயைச் சுற்றிக்கொண்டு போன 46 கிலோமீட்டரை இது மிச்சப்படுத்துகிறது. உள்ளே நுழைந்ததும் மச்சான் கண்ணாடியை இறக்கி, சுவரையும் கூரையையும் பார்த்துக்கொண்டே வந்தார். மலைக்கு அடியில் போகிறபோது தலைக்கு மேலே இருக்கும் பாறையின் கனத்தை நினைக்காத கே.ஜி.எஃப்.காரர் கிடையாது. எங்கள் ஊரில் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும்போது மேலே வீட்டுப் பாத்திரங்கள் ஆடும், உடனே பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். வெளிச்சத்துக்கு வந்ததும் சந்திரா நதியும் பனிமுகடுகளும் தெரிந்தன. மச்சான் கண்ணாடியை ஏற்றினார்.

தாண்டியில் சந்திராவும் பாகாவும் கூடுகின்றன. செனாப் ஆவது இந்தத் தண்ணீர்தான். அங்கே உள்ள பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பியே ஆக வேண்டும். அதைத் தாண்டினால் லே பக்கம் போகும்வரை, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், பங்கு கிடையாது என்று நெடுங்காலமாகப் பலகை வைத்திருக்கிறார்கள். நாங்கள் டேங்க் போக ஒரு கேனிலும் டீசல் பிடித்துக்கொண்டோம்.

அறையோடு கூடிய வண்டியின் அருமை ஜிஸ்பாவில்தான் புரிந்தது. 3,200 மீட்டரில் பாகா நதிக்கரை ஊர். லேக்கு அவசரமாகப் போகிறவர்கள் அடுத்த இரவை 4,290 மீட்டரில் உள்ள சார்ச்சுவில் கூடாரம் எடுத்துக் கழிப்பார்கள். ஒரேநாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிப் படுப்பது உடம்புக்கு ஆகாது. மூவாயிரம் மீட்டருக்கு மேலே, முந்தின இரவு படுத்த உயரத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்கு அதிகமாக ஏறிப் படுக்காதே என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. தலைவலி, குமட்டல் என்று தொடங்கி நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோக்கும்வரை போய், உயிரையே எடுத்துவிடும். நாங்கள் பகலில் தீபக் தால் ஏரி, ஜிங்ஜிங்பார் என்று ஏறிப்போய், அங்கே ஸ்டவ் மூட்டிச் சோறு பொங்கித் தின்றுவிட்டு, சாயங்காலம் ஜிஸ்பாவுக்கே இறங்கிவந்து படுத்தோம். உடம்பு பழகும்வரை இப்படியே போனது. அறை வாடகைக் கணக்கோ, முன்பதிவு நாளோ எங்களை விரட்டவில்லை.

சோறு பொங்குவதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 4,200, 4,500 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்று நம்பித் திறந்த பாத்திரத்தில் அரிசி போட்டால் உள்ளே ஊசியாக நிற்கும். பிரஷர் குக்கர் இல்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. சிலிண்டரை ஊரிலேயே விட்டுவிட்டோம். கடுங்குளிரில் அதிலுள்ள பியூட்டேன் ஆவியாக மறுக்கும், அடுப்பு எரிந்தும் எரியாமலும் இழுக்கும். மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் எங்கேயும் எரிந்தது. ஆனால் அதைப் படுக்கும்போது குளிர் காய எரிய விடக் கூடாது. மூடின அறையில் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். சமையல் முடிந்ததும் அணைத்து, கதவைத் திறந்து காற்றை மாற்றி, கம்பளிக்குள் போய்விட வேண்டும்.

பாராலாச்சாவுக்கு விடியும் முன்பே கிளம்பினோம். வெயில் ஏறினால் பனி உருகிச் சாலையின் குறுக்கே ஓடைகள் பெருகிவிடும். காலையில் கணுக்கால் அளவு தண்ணீர் இருக்கும் இடத்தில் மத்தியானம் வண்டியே இழுத்துக்கொண்டு போகும். ஜூன் மாதம்தான், ஆனாலும் சூரஜ் தால் ஏரிக்கு மேலே சாலையின் இரண்டு பக்கமும் வெட்டிய பனிச்சுவர் எங்கள் அறையின் கூரையைவிட உயரமாக நின்றது. 4,890 மீட்டர். என்ஜின் முனகியது, கறுப்புப் புகை தள்ளியது.

கணவாயின் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். சரிந்துவிழுந்த பனியை ஒரு மஞ்சள் புல்டோசர் தள்ளிக்கொண்டிருந்தது. மச்சான் கதவைத் திறந்து இறங்கியவர், இந்த உயரத்தில் வேகமாக நடக்கக் கூடாது என்று தானே எனக்குச் சொன்னதை மறந்து, நேராக அதனிடம் போனார். பக்கவாட்டில் பி.இ.எம்.எல். என்ற எழுத்துகள். பெயிண்ட் உரிந்து, சகதி காய்ந்து அப்பியிருந்தது. எல்லைச் சாலை அமைப்பின் வண்டி. பி.இ.எம்.எல். 1964-ல் தொடங்கிய நிறுவனம். அதன் புல்டோசர்கள் எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் உருவாகின்றன.

ஆபரேட்டர் என்ஜினை நிறுத்தவில்லை. இங்கே அணைத்தால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. பிளேடைத் தரையில் இறக்கிவிட்டு எட்டிப்பார்த்தார். மச்சான் அந்த பிளேடைத் தாங்கும் கையின் ஓரத்தில், இரண்டு தடித்த தகடுகள் சேரும் மூலையில், விரலால் தடவிக்கொண்டிருந்தார். வெல்டிங் ஓடிய தடம் அடுக்கடுக்காக, ஒரே அளவு அலைகளாக, பனித்தண்ணீர் வடிந்து பளபளத்தது. கையுறையைக் கழற்றி வெறும் விரலால் மறுபடியும் தடவினார்.

"இது எங்க ஊரு மிஷினு" என்றார் ஹிந்தியில். ஆபரேட்டர் எங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்: "கே.ஜி.எஃப்-ஆ அண்ணே? நான் செங்கம்."

எல்லைச் சாலை அமைப்பில் தமிழ்நாட்டு ஆட்கள் இருப்பது தெரியும். அந்த இடத்தில் பார்த்தபோது இருவருக்கும் பேச்சு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. குளிரில் ஹைட்ராலிக் ஆயில் கெட்டித்துப்போவது, டிராக் ஷூ தேய்வது, கேபினில் ஹீட்டர் வேலை செய்யாத நாட்கள் என்று அவர் சொல்லச் சொல்ல மச்சான் ஒவ்வொன்றுக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தார். "பாகத்த நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. முறியல" என்றார் செங்கத்துக்காரர். மச்சானுக்கு அதற்குமேல் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அறையைத் திறந்து முறுக்கு டப்பாவை அப்படியே தூக்கிக் கொடுத்தார்.

சார்ச்சுவுக்கு அப்பால் கட்டா வளைவுகள், 21 கொண்டைஊசித் திருப்பங்கள். ஒரு திருப்பத்தில் கல் அடுக்கிக் கட்டிய சின்னக் கோயில், அதைச் சுற்றித் தண்ணீர் பாட்டில்களின் குவியல். பனியில் மாட்டிக்கொண்ட லாரியில் தனியாக விடப்பட்டுத் தாகத்தில் செத்துப்போன ஒரு கிளீனருக்காக என்று டிரைவர்கள் சொல்கிறார்கள். நாங்களும் ஒரு பாட்டில் வைத்தோம். ஆனால் அந்த பிளாஸ்டிக் எல்லாம் எங்கே போகும் என்ற கவலையும் கூடவே வந்தது. இந்தக் குளிரிலும் வறட்சியிலும் எதுவும் மக்காது. மனிதக் கழிவுகூட வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதனால்தான் லடாக்கியர் வீட்டுக் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றாமல் மண்ணும் சாம்பலும் போட்டு உரமாக்குகிறார்கள். அறையோடு வருகிற எங்களைப் போன்றவர்கள் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதால் பொறுப்பும் கூடுகிறது. மூடியுள்ள வாளி, மரத்தூள், குப்பைக்குத் தனிச் சாக்கு. எல்லாவற்றையும் லே வரை சுமந்துகொண்டுதான் போனோம்.

பாங் என்ற இடத்துக்கு மேலே மோரே சமவெளி. 4,700 மீட்டரில் மலைகளுக்கு நடுவே நாற்பது கிலோமீட்டர் போலத் தட்டையான பூமி. சாலையை விட்டிறங்கி மண்ணில் வண்டி ஓட்டிப் பார்க்க எல்லோருக்கும் கை ஊறும். ஓட்டக் கூடாது. ஒருமுறை பதிந்த டயர்த் தடம் பல வருடம் அழியாது, அந்த மெல்லிய புல்லை நம்பித்தான் சாங்பா மேய்ப்பர்களின் பஷ்மினா ஆடுகள் இருக்கின்றன. பக்கத்திலேயே த்சோ கர் ஏரி, 2020-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். கருங்கழுத்துக் கொக்கு கூடு கட்டும் இடம். அதன் கரையோரம் கார்களின் சக்கரத் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்ததைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

டங்லங் லா, 5,328 மீட்டர். அங்கே நிற்கவில்லை. சிந்து நதியைத் தொடும் உப்ஷி, காரு, அப்புறம் லே. உடம்பு தேறும்வரை அங்கே ஓய்வு. ஹான்லே சீன எல்லைக்கு அருகில் இருப்பதால் அனுமதிச் சீட்டு வேண்டும், அதையும் அங்கேயே வாங்கிக்கொண்டோம். பிறகு சிந்துவை எதிர்த்துக்கொண்டு சுமதாங், மாஹே, நியோமா, லோமா பாலம். சோதனைச் சாவடியில் சீட்டைப் பார்த்த ஜவான் வண்டிக்குள் தலையை நீட்டி, அலமாரியில் இருந்த புளிக் கட்டியை எடுத்து என்னவென்று கேட்டார். இளைஞர், வடகிழக்கு முகம். ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

ஹான்லேயில் ஊருக்கு மேலே குன்றில் பதினேழாம் நூற்றாண்டின் புத்த மடாலயம், எதிரில் இன்னொரு குன்றில் தொலைநோக்கியின் வெள்ளைக் குடம். சுற்றியுள்ள 1,073 சதுர கிலோமீட்டரை 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். இரவில் வண்டியின் முகப்பு விளக்கு எரியக் கூடாது, வீடுகளின் ஜன்னல்களில் கனத்த திரைகள். உள்ளூர் ஆண்களையும் பெண்களையும் பழக்கித் தொலைநோக்கி கொடுத்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு வானம் காட்டுவது அவர்கள் வேலை. வீட்டு முற்றத்தில் எங்களுக்குச் சனிக்கோளைக் காட்டிய அக்கா, அதற்கு நடுவே உள்ளே போய்ச் சாணி வறட்டி போட்டு அடுப்பைச் சரிசெய்துவிட்டு வந்தார். காற்று மெலிந்தது, ஈரமில்லாதது, வருடத்தில் பெரும்பாலான இரவுகளில் மேகமில்லை. அதனால்தான் இந்த இடம். பால்வீதி தொடுவானத்திலிருந்து தொடுவானம் வரை, நடுவே கறுத்த கிளைகள் பிரிந்து தெரிய, குறுக்காகக் கிடந்தது. தெருவிளக்கில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். 1902-ல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் முதலில் வந்தது எங்கள் சுரங்கத்துக்கு, பெங்களூருக்குக்கூட அதற்குப் பிறகுதான். இருட்டையும் இப்படிப் பாதுகாத்து வைக்கலாம் என்பது மச்சானுக்குப் பெரிய ஆச்சரியம். "உங்க தாத்தா பார்த்த இருட்டு வேற, மாப்ள" என்றார்.

அன்றிரவு அறைக்குள் எங்கள் மூச்சுக்காற்றின் ஈரம் கூரையில் படிந்து, இரும்புச் சட்டம் ஓடும் கோடுகளில் மட்டும் பனியாக உறைந்திருந்தது. தெர்மகோல் இருந்த இடமெல்லாம் காய்ந்திருக்க, சட்டத்தின் வரைபடமே வெள்ளையாகத் தெரிந்தது. குளிர் இரும்பின் வழியாக உள்ளே வருகிறது. அடுத்த அறைக்கு மரச்சட்டம்தான் என்று மச்சான் அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

திரும்பும்போது லோமாவுக்கு முன்னால் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். தார் உருக்கும் டிரம்முக்கு அடியில் நெருப்பு. ஆண்களும் பெண்களும் முகத்தில் துணி சுற்றிக்கொண்டு கைகளாலேயே கல் அடுக்கினார்கள். நிறுத்தச் சொல்லிக் கொடி காட்டியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஜார்க்கண்டில் தும்கா மாவட்டம். சந்தால் பழங்குடி. ஊரில் ஒரு மேட் சொல்லி அழைத்துவருவார், மே மாதம் வந்து அக்டோபரில் போவோம் என்றார். இந்த உயரச் சாலைகள் வருடாவருடம் திறப்பது இவர்கள் கைகளால்தான். 2020 மே கடைசியில், ஊரடங்கில் மாட்டிக்கொண்ட 60 பேரை ஜார்க்கண்ட் அரசு லேயிலிருந்து ராஞ்சிக்கு விமானத்தில் கூட்டிப்போனபோதுதான் நாட்டுக்கு இவர்கள் இருப்பதே தெரிந்தது.

சாலையோரம் அவர்கள் குடியிருப்பு. தார்ப்பாய், தகரம், ஓட்டை விழுந்த இடத்தில் சிமென்ட் சாக்கு. வரிசையாக, ஒன்றோடொன்று சுவர் பகிர்ந்துகொண்டு. ஒரு வாசலில் தார் டிரம்மை வெட்டிச் செய்த அடுப்பு. பத்துக்கு எட்டு இருந்தால் அதிகம். என் தாத்தாவின் தட்டி வீட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அதற்குள் எத்தனை பேர் எப்படிப் படுத்தார்கள் என்று பாட்டி தரையில் கோடு போட்டுக் காட்டியது நினைவிருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கான அறை சுவரில் தெர்மகோல் வைத்துக் கட்டியது. ஆறுமாதம் இங்கேயே கிடக்கும் இவர்கள் சுவரில் ஒன்றும் இல்லை. சாலை போட அரசிடம் பணம் இருக்கிறது, போடுகிறவருக்குக் குளிர் தாங்கும் ஒரு சுவர் வைக்கவும் இருக்க வேண்டும். மச்சானின் கணக்குப்படி எங்கள் அறையின் தகடும் தெர்மகோலும் அப்படியொன்றும் பெரிய செலவில்லை.

கொடிக்காரர் வண்டியைச் சுற்றிப்பார்த்தார். எந்த ஊர், அங்கே என்ன விசேஷம் என்று கேட்டார். தங்கச் சுரங்கம், மூன்று கிலோமீட்டர் ஆழம் என்றேன்.

"இப்பவும் ஓடுதா?"

"இல்லை. மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்ப வேலை செஞ்சவங்க பிள்ளைங்கல்லாம்?"

விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்குப் போகிறார்கள், ராத்திரி திரும்பி வருகிறார்கள் என்றேன். தினமுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையசைத்துவிட்டுப் பச்சைக் கொடியைத் தூக்கினார். எங்களுக்குப் பின்னால் ராணுவ லாரிகள் வரிசையாக ஹாரன் அடிக்கத் தொடங்கியிருந்தன.